தூர்ந்த காது

அத்தியாயம் 17

"அசையாத யோகா. கொஞ்சம்தான்" என்றாள் தனபாக்கியம்.

அவள் அப்படிச் சொல்வது இது ஐந்தாவது தடவை. யோகலட்சுமியின் இடது காது மடலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய தோட்டின் தண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். வலது காதில் எப்படியோ ஏற்றியாகிவிட்டது. இடது காதுதான் அடம்பிடித்தது. எட்டு வருடமாக ஒரு குச்சிகூடச் செருகாத காது தூர்ந்து போயிருந்தது. துளை இருந்த இடம் மேலே ஒரு புள்ளியாகத் தெரிந்ததே தவிர, உள்ளே சதை மூடிக்கொண்டுவிட்டது.

"தேங்காய் எண்ணெய் தடவியும் போவலியே. இரு, ஊக்கை அடுப்புல காட்டி எடுத்தாறேன்."

"சீக்கிரம் ஆகட்டும்" என்று கூடத்திலிருந்து கிருஷ்ணராஜ் குரல் கொடுத்தார். தனபாக்கியத்தின் கணவர், யோகலட்சுமியின் காலஞ்சென்ற கணவனுக்கு அண்ணன். சுவரில் முருகன் படம் மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தார். "பத்தரைக்கு வந்துடுவாங்கன்னு வி.ஏ.ஓ. போன் பண்ணிட்டாரு. கூட வர்ற ஆர்.ஐ. பொம்பள. பொம்பளைங்க மொதல்ல காதைத்தான் பாப்பாங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல மூளிக் காதோட இருக்கிறவ எல்லாம் சபைக்குப் போறவன்னு அவங்களுக்குத் தெரியாதா இன்னா?"

ஊக்கு வந்தது. யோகலட்சுமி முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டாள். சுரீரென்று ஒரு வலி கழுத்து வரைக்கும் இறங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. தனபாக்கியம் விடவில்லை. ஊக்கை உருவின கையோடு தண்டை ஏற்றி, பின்னால் திருகாணியைப் போட்டு முறுக்கிவிட்டாள்.

"ஏறிடுச்சு" என்றாள், பெருமூச்சோடு. பஞ்சை எடுத்து ரத்தத்தைத் துடைத்தாள். "தலைமுடிய கொஞ்சம் முன்னால இழுத்து விட்டுக்கோ. தெரியாது."

புதிதாக வருபவர்கள் திண்டாட வேண்டாம், நடந்ததை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒடுகத்தூருக்கு மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிற இந்தத் தெருவிலிருந்து முதல்முதலாக ஒரு பெண்ணுக்கு டாக்டர் சீட்டு கிடைத்திருக்கிறது. அவள்தான் யோகலட்சுமியின் மகள் மேகலா. வயது பத்தொன்பது. நீட் தேர்வை இரண்டாவது தடவை எழுதி, எஸ்.சி. பட்டியலில் வாங்கின சீட்டு. கல்லூரியில் சேர இன்னும் ஆறு நாள். அதற்குள் தாலுகா ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போய்விட்டது: இந்தக் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம், சாதிச் சான்றிதழ் செல்லாது என்று. கிறிஸ்தவர் ஆகிவிட்டால் எஸ்.சி. இல்லை, பி.சி. என்கிறது சட்டம். பி.சி. பட்டியலுக்கு மேகலாவின் மதிப்பெண் எட்டாது. அந்தச் சட்டம் நியாயமா இல்லையா என்று பேச ஆரம்பித்தால் எனக்கு இந்தப் பக்கங்கள் போதாது.

யோகலட்சுமி பயந்த சுபாவக்காரி இல்லை. அதைச் சொல்லாமல் மேலே போனால் அவளுக்குத் துரோகம் செய்ததாகும்.

அவள் கணவன் வேலாயுதம் ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவன். நுரையீரல் கெட்டு வேலூரில் நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த ஒருத்தி அவளோடு முழங்கால் போட்டு ஜெபித்தாள். யோகலட்சுமி இயேசுவைப் பிடித்துக்கொண்டது அங்கேதான். வேலாயுதம் பிழைத்து வீட்டுக்கு வந்தான். அவள் ஞானஸ்நானம் எடுத்தாள்; பெண்கள் நகை போடாத சபை அது. அன்று சாயங்காலமே அவன் விட்ட அறையில் இடது காது பாதி செவிடானது. அவளுடைய வேதப் புத்தகத்தை வெந்நீர் அடுப்பில் போட்டான். அவள் இன்னொன்று வாங்கினாள். தெருக்குழாயில் மூன்று மாதம் அவளைத் தண்ணீர் பிடிக்க விடவில்லை. ஆம்பூரில் அவள் ஷூ அப்பர் தைக்கிற கம்பெனியிலிருந்து, கம்பெனி பஸ்ஸில் கேன் கேனாகக் கொண்டுவந்தாள். கணவன் மறுபடி படுத்தபோது பதினான்கு மாதம் மலம் மூத்திரம் எடுத்தவள் அவள்தான். ஐந்து வருடத்துக்கு முன் அவன் செத்தபோது, தலைமாட்டில் நின்று ஒரு ஜெபம் பண்ண அவளை விடவில்லை. விடாதவர் இதோ ஆணி அடிக்கிற கிருஷ்ணராஜ்தான்.

அத்தனைக்கும் அவள் வாயைத் திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவதை நிறுத்தியதும் இல்லை.

அப்படிப்பட்டவள் இன்றைக்கு நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு, ரத்தக் காதோடு உட்கார்ந்திருக்கிறாள். இதைச் செய்ய வைத்தது எந்த எதிரியும் இல்லை. முந்தாநாள் மேகலா கதவைச் சாத்திக்கொண்டு கத்தினாளே, அந்தக் கத்தல்.

"உன் சாமியால நான் இன்னாத்தக் கண்டேன்? அப்பா உன்னை அடிக்கறதப் பாத்ததுதான் மிச்சம்! இப்ப என் படிப்பும் போவணுமா?"

பாஸ்டருக்குப் போன் போட்டாள் யோகலட்சுமி. "நம்ம சபையில பாதிப் பேரு பேப்பர்ல இந்துதாம்மா. கர்த்தர் பேப்பரைப் பாக்கிறவரு இல்ல. ஜெபம் பண்ணி நீங்களே ஒரு முடிவு எடுங்க" என்றார் அவர். ஜெபம் பண்ணினாள். கண்ணை மூடினால் மகள் கத்தினது மட்டும்தான் காதில் விழுந்தது.

கிருஷ்ணராஜ் ஆணியிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தார். முருகன் படத்துக்குக் கீழே, வேத வசனக் காலண்டர் வருடக்கணக்கில் தொங்கின இடம் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது.

"படத்த கொஞ்சம் எறக்கி மாட்டணும். நல்லவேளை பாத்தேன்" என்றவர், திரும்பி யோகலட்சுமியைப் பார்த்தார். தம்பி சாவைத் தவிர, எட்டு வருடமாக இந்த வாசற்படி மிதிக்காத மனுஷன். சீட்டு கிடைத்தது என்று கேட்டதும் ஸ்வீட் பாக்ஸோடு ஓடி வந்தவர். அவர் கண் கலங்கியிருந்தது. "நம்ம வம்சத்துல மொத டாக்டரும்மா. என் தம்பி பொண்ணு. நடந்தத எல்லாம் மனசுல வெச்சுக்காத."

அந்த வார்த்தைக்காக அவள் எத்தனை வருடம் காத்திருந்தாள்! கிடைத்தபோது அவளுக்கு அழுகைதான் வந்தது.

"சரி மாமா" என்றாள்.

சமையலறைக்குப் போய், வேதப் புத்தகத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் தள்ளி, மேலே அரிசியை இழுத்து மூடினாள். நிமிர்ந்தால் வாசலில் மேகலா நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை அவள்.

"காதுல ரத்தம் வருதும்மா."

"நின்னுடும். நீ ஒண்ணும் பேசாத. கேட்டா தலைய ஆட்டு. மீதிய நான் பாத்துக்கறேன்."

"சொல்லிடுவியாம்மா? வாயத் தொறந்து?"

"உனக்காகத்தாண்டி. நீதானே கேட்ட?"

மேகலா டிரம்மின் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினொன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ. அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெயிலில் வந்த களைப்பு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். படம், விளக்கு, ஊதுபத்தி. கெட்ட மனுஷி என்று அவரைச் சொல்லிவிட முடியாது. காலையிலிருந்து இது நாலாவது விசாரணை, சீக்கிரம் முடிந்தால் போதும் என்கிற முகம்.

வி.ஏ.ஓ. முன்கூட்டியே எழுதிக் கொண்டுவந்த வாக்குமூலத் தாளை நீட்டினார். "எல்லாம் எழுதியாச்சு மேடம். கேட்டுட்டா முடிஞ்சுது."

"நீங்க எந்த மதம்மா?"

"இந்துதாங்க."

"சர்ச், சபை, ஜெபக்கூட்டம், எங்கயாவது போற பழக்கம் உண்டா?"

"இல்லீங்க."

"நீங்களோ உங்க பொண்ணோ ஞானஸ்நானம் எடுத்திருக்கீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? கரும்புத் தோட்டத்துப் பம்ப்செட் தொட்டியின் சில்லென்ற தண்ணீர் அவள் உடம்பு முழுக்க ஓடியது. "இல்லவே இல்லீங்க" என்றாள்.

மூன்று கேள்வி, மூன்று பதில். எட்டு வருடம் அடித்தும் ஒதுக்கியும் வாங்க முடியாததை ஐந்து நிமிடத்தில் அவளாகவே எடுத்துக் கொடுத்துவிட்டாள். கையெழுத்துப் போடக் குனிந்தபோது, முன்னால் இழுத்துவிட்ட முடி விலகி, காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் தாளின் ஓரத்தில் விழுந்தது.

ஆர்.ஐ. அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"காது இன்னாம்மா இப்படி வீங்கிக் கெடக்கு? இன்னிக்குத்தான் போட்டீங்களா தோடு?"

கிருஷ்ணராஜ் மனைவியைப் பார்த்தார். அப்போது தனபாக்கியம் முன்னால் வந்தாள். கெட்டிக்காரி அவள்.

"இன்னிக்குத்தாங்க. வீட்டுக்காரரு போனதிலிருந்து காதுல எதுவும் போட மாட்டேன்னு கழட்டி வெச்சுட்டா. அவ்ளோ பாசம். காது தூர்ந்தே போச்சு. பொண்ணுக்கு டாக்டர் சீட்டு கெடச்சிருக்கே, இன்னமும் மூளியா இருக்காதடின்னு நாந்தான் பலவந்தமா குத்திவிட்டேன்."

ஆர்.ஐ. அம்மாவின் முகம் இளகிவிட்டது. "அடப் பாவமே. மஞ்சள் வெச்சு விடுங்க, சீழ் கட்டிக்கப் போவுது" என்றார். தாளை மேகலா பக்கம் நகர்த்தினார். "பொண்ணு மேஜர்தானே? நீயும் ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா. வேலை முடிஞ்சுது."

ஆமாம், முடிந்தே போனது. பொய் பலித்துவிட்டது. மேகலா பேனாவை வாங்கினாள். தாளின் ஓரத்துச் சிவப்பைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"பெரியம்மா சொன்னது பொய் மேடம்."

"மேகலா!" என்றாள் யோகலட்சுமி.

"எங்கப்பா செத்ததுக்காக அம்மா தோட்டக் கழட்டல. அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே கழட்டியாச்சு. ஞானஸ்நானத் தொட்டியில எறங்கறதுக்கு முன்னாடி. அம்மாவுக்குக் கை நடுங்குச்சு, திருகாணி வரல. கழட்டினது நாந்தான். அப்ப எனக்குப் பதினொரு வயசு." குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "அன்னிக்கு அப்பா அடிச்சது இந்தக் காதுலதான். இதே காதுல இன்னிக்கு ஊக்கால குத்தியிருக்காங்க, எனக்காக. நானும் ஞானஸ்நானம் எடுத்திருக்கேன் மேடம். ரெண்டு வருஷமாச்சு."

ஆர்.ஐ. அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இன்னா பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? சீட்டு போயிடும்."

"தெரியும். பி.சி.யில எனக்கு முப்பத்தெட்டு மார்க் கம்மி."

"அவ ஏதோ கோவத்துல உளர்றா மேடம்!" என்று பதறினார் வி.ஏ.ஓ.

ஆர்.ஐ. அம்மா தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். "பொண்ணு சொன்னத நான் இன்னும் எழுதல. அம்மா சொன்னது கையெழுத்தோட என் கையில இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு பேரும் தாலுகா ஆபீசுக்கு வாங்க. அம்மா சொன்னதுதான் நெசம்னா, கோவத்துல ஏதோ சொல்லிட்டேன்னு பொண்ணு எழுதிக் குடுக்கட்டும், சரியாயிடும். இல்லேன்னா இந்தத் தாளுக்குப் பதிலா வேற எழுதணும். யோசிச்சு வாங்க. பொய்யின்னு தெரிஞ்சே என்னை மேல அனுப்ப வெக்காதீங்க."

வாசலில் செருப்பு மாட்டும்போது யோகலட்சுமியின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "கடுதாசி எழுதினவங்க வெளி ஆளு இல்லம்மா. எந்தத் தோட்டத்துத் தொட்டி, எந்தத் தேதி, அன்னிக்கு யாரு யாரு பக்கத்துல நின்னாங்க, எல்லாம் இருக்கு. உங்க சபைக்குள்ளயே பாத்து நடந்துக்குங்க."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்புகிற வரை கிருஷ்ணராஜ் பொறுத்திருந்தார். அப்புறம் ஒரே எட்டில் சுவரண்டை போய் முருகன் படத்தைக் கழற்றினார்.

"பெத்தவ பொய் சொல்லிக் காப்பாத்தினா, பொண்ணு வந்து நெஞ்சுல மண்ணள்ளிப் போடறா! வெக்கத்த விட்டு இந்த வாசல மிதிச்சேனே, எனக்கு வேணும்." விரலை நீட்டினார். "யோகா, மனை என் பேர்ல இருக்குது. இதுவரைக்கும் அந்தப் பேச்ச நான் எடுத்ததில்ல. நாளைக்கு அந்த ஆபீசுல நீ சரியாச் சொன்னா இது உன் வீடு. இல்லேன்னா மூட்ட கட்டிக்கிட்டு உன் பாஸ்டர் வீட்டுக்குப் போ."

தனபாக்கியம் விளக்கைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனாள். தோட்டைத் திருப்பிக் கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். கேட்காமலே போய்விட்டாள்.

கதவு சாத்தப்பட்டதும் யோகலட்சுமி மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"எதுக்குடி சொன்ன? முந்தாநாளு என் உசிர வாங்கினது நீதானே! உன் சாமியால இன்னாத்தக் கண்டேன்னு கேட்டது நீதானே! உனக்காகத்தானே எல்லாத்தையும் விட்டேன். இப்ப சீட்டும் இல்ல, வீடும் இல்ல!"

மேகலா அடியை எதிர்பார்த்தவளாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தாள்.

"நீ மாட்டேன்னு சொல்லுவேன்னு நெனச்சேம்மா" என்றாள். "நான் எவ்ளோ கத்தினாலும் நீ அசைய மாட்ட. அப்பா அடிச்சே அசையாதவ. அந்தத் தைரியத்துலதான் அப்படிக் கத்தினேன். நீ போயி நெசமாவே..."

மேலே பேச முடியாமல் தேம்பித் தேம்பி அழுதாள். டாக்டர் ஆகப்போகிறவள் என்று தெருவே கொண்டாடின பெண், பதினொரு வயதுக்காரியாக மூக்கை உறிஞ்சினாள்.

யோகலட்சுமியின் கை தானாகத் தளர்ந்தது. அவள் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். எதிரே வெள்ளைச் சதுரம். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். விபூதி போய்விட்டது. 'இல்லவே இல்லீங்க' என்று தான் சொன்ன குரல் மட்டும் போகவில்லை. இத்தனை வருடத்தில் அவள் பட்ட எந்த அடியும் இப்படி வலித்ததில்லை. வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. மேகலா சமையலறைக்குப் போய், டிரம்மைத் திறந்து புத்தகத்தை எடுத்துவந்து, பாலித்தீன் பையில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு அம்மாவின் பக்கத்தில் வைத்தாள். யோகலட்சுமி அதைத் தொடவில்லை. தொடத் தைரியம் வரவில்லை.

"நாளைக்கு இன்னா சொல்லப் போறம்மா?"

"இந்தத் தோட்டக் கழட்டு மொதல்ல" என்றாள்.

வலது காதுத் தோடு சுலபமாக வந்துவிட்டது. இடது காதில் மடல் வீங்கி, திருகாணி சதைக்குள்ளேயே புதைந்துபோயிருந்தது. நகத்தால் பிடித்தால் வழுக்கியது. மேகலா தாவணி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பிடித்துப் பார்த்தாள். அரைச் சுற்று வந்தது. அதற்கே புதிதாக ரத்தம் கிளம்பி அவள் விரலில் வழிந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"முடியலம்மா. ரொம்ப வீங்கியிருக்கு. நாளைக்கு ஆபீசுக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம். வீக்கம் கொஞ்சம் வடியட்டும். இப்ப திருகினா உனக்கு உசிரே போயிடும்."

யோகலட்சுமி தலையைச் சாய்த்து, அந்தக் காதை மகள் பக்கம் நன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். முந்தானையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். காலையில் போலப் பல்லில் வைத்துக் கடிக்கவில்லை.

"இதோட நான் அங்க வர மாட்டேன்" என்றாள். "வலிக்கட்டும். நீ திருகு."